கொளத்தில் குளி: உயிரெழுத்துகளின் உறவு



திருத்தணி பஸ் நிலையத்தில் பத்து நிமிடம் நின்றால் போதும். இரண்டு மொழிகள் மாறி மாறிக் காதில் விழும். முருகன் மலைக்குப் படியேற வந்த பாட்டி தெலுங்கில் கேட்பாள். பேரன் தமிழில் பதில் சொல்வான். கண்டக்டரிடம் ஒருவர் "ரெண்டு" என்று டிக்கெட் கேட்டால், அது தமிழ் "ரெண்டா" தெலுங்கு "ரெண்டா" என்று அவருக்கே தெரியாது. தெரிய வேண்டிய அவசியமும் இல்லை.

திருத்தணி தாலுகா 1960ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் தேதியன்று ஆந்திரப் பிரதேசத்திலிருந்து சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. எல்லைக்கோடு நகர்ந்ததே தவிர, அடுப்படியில் பேசும் மொழி நகரவில்லை. 1888இல் திருத்தணியில் பிறந்து, நாட்டின் குடியரசுத் தலைவராக உயர்ந்த டாக்டர் ராதாகிருஷ்ணனின் வீட்டு மொழியும் தெலுங்குதான். நம் கே.ஜி.கண்டிகையிலும் சுற்றுப்புற ஊர்களிலும் நகரி, புத்தூர்ப் பக்கம் பெண் கொடுத்துப் பெண் எடுத்த குடும்பங்கள் பல உண்டு.

இப்படிப்பட்ட ஊரில் தமிழ் கற்பிக்கும் எனக்கு ஒரு நாள் வகுப்பறையில் நேர்ந்த அனுபவத்தையே இங்கு பாடமாக எழுதுகிறேன்.

இரண்டு சிரிப்புகள்

ஒன்பதாம் வகுப்புக் கட்டுரை நோட்டுகளைத் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். ஒரு மாணவியின் நோட்டில் சிவப்பு மை அதிகம். இலை என்று எழுத வேண்டிய இடத்தில் "எலை", விலைக்கு "வெலை", புகைக்குப் "பொகை", முகத்துக்கு "மொகம்", குளத்துக்குக் "கொளம்". பக்கத்தில் இருந்தவள் எட்டிப் பார்த்து உரக்கப் படித்துவிட்டாள். வகுப்பு முழுவதும் சிரித்தது. "அவங்க வீட்ல தெலுங்கு, டீச்சர், அதனாலதான்" என்று யாரோ காரணமும் சொன்னார்கள். அந்தப் பெண் தலை குனிந்தாள். அதன்பின் இரண்டு வாரம் என் வகுப்பில் அவள் வாய் திறக்கவில்லை. வாசிக்கச் சொன்னால் எழுந்து நிற்பாள், கண் கலங்கும், உட்கார்ந்துவிடுவாள். தனியே கூப்பிட்டுக் கேட்டபோது, "எனக்குத் தமிழ் வராது டீச்சர்" என்றாள்.

அதே வாரம் மதிய உணவு வேளையில் இன்னொரு சிரிப்பு கேட்டது. தமிழ் வீட்டு மாணவி ஒருத்திக்கு நகரியில் அக்காளைக் கட்டிக் கொடுத்திருந்தார்கள். அங்கே போனால் பேச வேண்டுமே என்று தோழிகளிடம் தெலுங்கு கற்றுக்கொண்டிருந்தாள். 'அன்ன' என்றால் அண்ணன். அண்ணனுக்கு என்பதற்கு 'அன்னகு'. இதைப் பிடித்துக்கொண்டவள், புலிக்கு என்பதற்குப் "புலிகு" என்றாள். தெலுங்குப் பிள்ளைகள் சிரித்தார்கள். "புலிகு இல்லடி, புலிகி!" என்றார்கள். "ஏன்?" என்று கேட்டாள். ஒருத்திக்கும் பதில் தெரியவில்லை. "அப்படித்தான், காதுக்கு அதுதான் சரி" என்றார்கள். அவர்களில் என் வகுப்பில் தலை குனிந்த அந்தப் பெண்ணும் இருந்தாள். தமிழ் வகுப்பில் பேசாத அவள்தான் அங்கே மிக உறுதியாகத் திருத்தினாள்.

இந்த இரண்டு சிரிப்புக்கும் காரணம் ஒன்றே என்று அன்று மாலை எனக்குத் தோன்றியது. ஒரு சொல்லில் இருக்கும் உயிரெழுத்துகள் தனித்தனியே நிற்பவை அல்ல. பக்கத்து வீட்டார் போல் ஒன்றையொன்று பார்த்துத் தம்மை மாற்றிக்கொள்கின்றன. இதற்கு மொழி நூலார் உயிரொலி இசைவு என்று பெயர் சொல்வார்கள்.

கண்ணாடி முன் ஒரு சோதனை

மறுநாள் வகுப்பில் புத்தகத்தை மூடச் சொன்னேன். நீங்களும் வீட்டில் ஒரு கைக்கண்ணாடியை எடுத்துக்கொள்ளுங்கள். பெற்றோரும் கூட இருந்து செய்து பார்க்கலாம்.

முதலில் "இ" என்று சொல்லுங்கள். வாய் குறுகி, நாக்கு மேலண்ணத்தை நெருங்கி நிற்கும். அடுத்து "அ" என்று சொல்லுங்கள். தாடை இறங்கும், நாக்கும் தாழும். இப்போது "எ". இது இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. அவ்வாறே "உ" உயரத்தில் நிற்கிறது, "அ" தாழ்வில் நிற்கிறது, "ஒ" நடுவில் நிற்கிறது.

இப்போது "இலை" என்பதை விரைவாகப் பத்து முறை சொல்லுங்கள். மாடியிலிருந்து ஒரே தாவலில் தரைக்கு வர வேண்டியிருக்கிறது. "எலை" என்றால் நடுப்படியிலிருந்து இறங்கினால் போதும். பேச்சில் நாக்கு நடுப்படியைத் தேர்ந்துகொள்கிறது. எகரமும் ஒகரமும் அந்த இடத்தில் வருவது சோம்பலால் மட்டும் அன்று. பின்னே வரும் உயிருக்கு முன்னே நிற்கும் உயிர் இடம் கொடுக்கிறது.

தமிழ்ப் பேச்சில் உள்ள விதி

கரும்பலகையில் இரண்டு வரிசையாகச் சொற்களை எழுதினேன். வீட்டில் பேசுவது போலவே சொல்ல வேண்டும் என்பது நிபந்தனை.

முதல் வரிசை: இடம், இலை, விலை, நிலம், விளக்கு, குடம், குளம், முகம், புகை, உடம்பு.

இரண்டாம் வரிசை: இடி, கிளி, விதி, குடி, குளி, புலி, துணி.

முதல் வரிசையைப் பிள்ளைகள் எடம், எலை, வெலை, நெலம், வெளக்கு, கொடம், கொளம், மொகம், பொகை, ஒடம்பு என்று படித்தார்கள். இரண்டாம் வரிசையில் ஒரு சொல்லும் மாறவில்லை. கிளியை யாரும் கெளி என்பதில்லை. புலியை யாரும் பொலி என்பதில்லை.

ஏன்? முதல் வரிசையில் இகர உகரங்களுக்குப் பின் அகரமோ ஐகாரமோ வருகிறது. இரண்டாம் வரிசையில் பின்னே வருவதும் இகரம். உயரத்திலிருந்து உயரத்துக்குப் போக நடுப்படி எதற்கு?

"கொளத்தில் குளி" என்று ஒரு முறை சொல்லிப் பாருங்கள். குளம், குளி என்னும் இரண்டும் 'கு' என்றே தொடங்குகின்றன. ஆனால் நம் வாய் ஒன்றை மாற்றுகிறது, மற்றொன்றை மாற்றுவதில்லை. "கொடத்துத் தண்ணியைக் குடி" என்பதிலும் இதே விதிதான்.

இன்னும் இரண்டு நிபந்தனைகள் உண்டு. நடுவில் ஒரே மெய் இருக்க வேண்டும். இல்லை, குப்பை, குட்டை, முத்தம் போன்றவற்றில் மெய் இரட்டித்து நடுவே சுவர்போல் நிற்பதால் மாற்றம் இல்லை. குட்டையைக் கொட்டை என்று யாரும் சொல்வதில்லை. அடுத்து, முதல் உயிர் குறிலாக இருக்க வேண்டும். வீடு, சீலை, பூனை என்பவை மாறுவதில்லை. ஏட்டிலிருந்து பேச்சுக்கு வந்த இதயம் போன்ற சொற்கள் பெரும்பாலும் எழுதியபடியே ஒலிக்கும்.

இவ்வளவு நுட்பமான விதியை உங்களில் யாருக்கும் யாரும் கற்பிக்கவில்லை. ஆனாலும் வகுப்பில் ஒருத்தி கூடப் பிழை செய்யவில்லை. அப்போது, சிரித்த மாணவிகளின் பழைய நோட்டுகளையும் புரட்டிப் பார்த்தேன். தமிழே வீட்டு மொழியான இருவர் "ஒடம்பு" என்றும் "வெளக்கு" என்றும் எழுதியிருந்தார்கள். ஆகவே அந்தப் பிழைக்குத் தெலுங்கு காரணம் அன்று. பேச்சை அப்படியே ஏட்டில் இறக்கியதே காரணம்.

நமக்குப் பிழை, அவர்களுக்குச் சரி

இங்கு ஒரு வேடிக்கையைக் கவனியுங்கள். நாம் எழுதும் புகையைத் தெலுங்கில் 'பொக' என்றே எழுதுவார்கள். விலை அங்கே 'வெல'. குளம் 'கொலனு'. முளை 'மொலக'. உடல் 'ஒடலு'. கன்னடத்திலும் புகை 'ஹொகெ', விலை 'பெலெ', குளம் 'கொள'. அதாவது, நாம் பேச்சில் மட்டும் செய்யும் மாற்றத்தை அண்டை மொழிகள் எழுத்திலேயே ஏற்றுக்கொண்டுவிட்டன. தமிழ் நோட்டில் சிவப்பு மை வாங்கிய "பொகை"யின் முதலெழுத்து, தெலுங்குத் தேர்வில் முழு மதிப்பெண் வாங்கும்!

அகரத்துக்கு முன் இகரமும் எகரமும், உகரமும் ஒகரமும் ஒன்றோடொன்று கலந்தது தென்னாட்டு மொழிகளில் மிகப் பழைய காலத்திலேயே தொடங்கிய மாற்றம் என்று மொழி ஆராய்ச்சியாளர்கள் காட்டியிருக்கிறார்கள். பரோவும் எமெனோவும் தொகுத்து 1961இல் வெளிவந்த திராவிடச் சொற்பிறப்பு அகராதியில் இத்தகைய சொற்கள் மொழிவாரியாகப் பக்கம் பக்கமாக அடுக்கப்பட்டுள்ளன.

பஸ் நிலையத்து "ரெண்டு"க்கும் இதுவே விடை. இரண்டு என்பதில் இகரத்துக்குப் பின் ஒற்றை ரகரமும் அகரமும் வருகின்றன. இகரம் எகரமாயிற்று; பிறகு அந்த எகரம் ரகரத்தைத் தாண்டி உள்ளே சென்று அமர்ந்தது. நம் பேச்சிலும் ரெண்டு. தெலுங்கு ஏட்டிலும் ரெண்டு.

புலிகியும் அன்னகுவும்

இனி அந்த இரண்டாம் சிரிப்புக்கு வருவோம். தெலுங்குச் சொற்களைத் தமிழ் எழுத்தில் எழுதும்போது க, ட, ப முதலியவற்றின் வன்மை மென்மை தெரியாது. ஆகவே வீட்டில் தெலுங்கு பேசும் தோழியைச் சொல்லச் சொல்லிக் கேளுங்கள்.

தெலுங்கில் நான்காம் வேற்றுமைக்கு இரண்டு வடிவம்: கு, கி. சொல்லின் இறுதியில் இகரம் இருந்தால் 'கி'. மற்ற இடங்களில் 'கு'.

அம்மாவுக்கு என்பது அம்மகு. அண்ணனுக்கு, அன்னகு. மரத்துக்கு, செட்டுகு. ஆனால் புலிக்கு, புலிகி. பள்ளிக்கு, படிகி. ஊருக்கு, ஊரிகி. வீட்டுக்கு, இண்டிகி. இகரத்தின் பக்கத்தில் வந்து நின்றதும் உகரம் தானும் இகரமாகிவிடுகிறது.

இரண்டாம் வேற்றுமையிலும் இப்படியே. அண்ணனை என்பதற்கு அன்னனு. புலியை என்பதற்குப் புலினி.

விதிவிலக்கும் உண்டு. உனக்கு என்பது நீகு. உங்களுக்கு என்பது மீகு. அங்கே நெடிலாகிய ஈகாரத்துக்குப் பின் 'கு' மாறாமல் நிற்கிறது. ஆந்திரத்தின் சில பகுதிகளில் பேச்சில் அம்மகி என்று எல்லா இடத்திலும் 'கி' சேர்ப்பவர்களும் உண்டு. அவர்களைக் கேட்டால் குழம்ப வேண்டாம்.

பன்மையில் இசைவு திசை மாறுகிறது. நதி என்பதன் பன்மை நதிலு அன்று, நதுலு. அறை என்னும் பொருளுள்ள கதி, கதுலு ஆகிறது. புலி, புலுலு ஆகிறது. மனிஷி என்னும் சொல் மனுஷுலு ஆகிறது; அதில் நடுவில் இருந்த இகரமும் சேர்ந்தே உகரமாகிவிட்டது. பின்னே வந்த 'லு' முன்னே இருந்தவற்றைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டது.

வினைச்சொல்லில் இதன் அழகு முழுமையாகத் தெரியும். கேள் என்பதற்குத் தெலுங்கில் அடுகு. கேட்கிறாள் என்பது அடுகுதுந்தி. கேட்டாள் என்பது அடிகிந்தி. கேட்கவில்லை என்பது அடகலேது. நடுவெழுத்தை மட்டும் பாருங்கள்: டு, டி, ட. அடுத்து வரும் உயிர் உகரமானால் தானும் உகரம், இகரமானால் இகரம், அகரமானால் அகரம். திரும்பு என்னும் பொருளுள்ள திருகு என்பதும் திருகு, திரிகி, திரக என்று இவ்வாறே நடக்கிறது.

தமிழ்ப் பிள்ளைகளே, "நமக்கு இது இல்லை" என்று எண்ணாதீர்கள். நாளைக்கு, தம்பிக்கு என்று எழுதிவிட்டு, நம்மில் பலர் "நாளைக்கி", "தம்பிக்கி" என்றுதானே பேசுகிறோம்? ஆனால் "அம்மாவுக்கி" என்று சொல்வதில்லை. புலிகி என்று திருத்திய தெலுங்குத் தோழியின் காதும், தம்பிக்கி என்று சொல்லும் உங்கள் நாவும் ஒரே பள்ளியில் படித்தவை.

வடதுருவத்துக்கு அருகில் ஒரு மொழி

இந்த இசைவுக்கு உலகில் பெயர் பெற்ற மொழிகளில் ஒன்று பின்னிஷ். ஐரோப்பாவின் வடகோடியில் உள்ள பின்லாந்து நாட்டு மொழி அது. அங்கும் பின்னிஷ், சுவீடிஷ் என இரண்டு மொழிகள் தேசிய மொழிகளாக இருக்கின்றன. தலைநகர் ஹெல்சிங்கியில் தெருப்பெயர்ப் பலகைகள் இரண்டு மொழியிலும் இருக்கும். எல்லையூர்ப் பிள்ளைகளாகிய நமக்கு இது புதிதாகத் தோன்றாது.

பின்னிஷ் மொழியில் எட்டு உயிர்கள். அவற்றை மூன்று வீட்டாராகப் பிரிக்கலாம். அ, ஒ, உ ஆகிய மூன்றும் நாக்கின் பின்பகுதியில் பிறப்பவை. இவற்றுக்கு இணையாக நாக்கின் முன்பகுதியில் பிறக்கும் மூன்று உயிர்கள் உண்டு. அவற்றை எழுதத் தமிழில் எழுத்தில்லை. அவற்றில் அகரத்துக்கு இணையானது, பூனையைக் குறிக்கும் 'கேட்' என்னும் ஆங்கிலச் சொல்லில் கேட்கும் ஒலி. எஞ்சிய எ, இ இரண்டும் நடுநிலையாளர். இரு வீட்டாரோடும் பழகுவார்கள்.

முதல் வீட்டாரும் இரண்டாம் வீட்டாரும் ஒரு தனிச் சொல்லுக்குள் சேர்ந்து இருப்பதில்லை. 'தலொ' என்றால் வீடு. வீட்டில் என்பதற்குத் 'தலொஸ்ஸ'. 'மெட்ஸே' என்றால் காடு. காட்டில் என்பதற்கு 'மெட்ஸேஸ்ஸே'. (இந்த ஏகாரத்தை அந்தக் 'கேட்' ஒலியாகக் குறுக்கிச் சொல்லுங்கள்.) நம் 'இல்' உருபு போன்றதே அந்த உருபு. ஆனால் சொல்லின் உயிரைப் பார்த்து 'ஸ்ஸ' என்றோ 'ஸ்ஸே' என்றோ வேடம் மாற்றுகிறது. சொல்லில் நடுநிலை உயிர்கள் மட்டுமே இருந்தால் முன்னுயிர் உருபு வரும். ஹெல்சிங்கியில் என்பதற்கு 'ஹெல்சிங்கிஸ்ஸே' என்பார்கள். புதிதாகப் பின்னிஷ் கற்பவர் ஒவ்வொரு சொல்லுக்கும் இரண்டு உருபை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. சொல்லைக் காது கொடுத்துக் கேட்டாலே உருபு தானே வரும்.

துருக்கி மொழியிலும் இவ்வாறே. 'எவ்' என்றால் வீடு, வீடுகள், 'எவ்லெர்'. 'அத்' என்றால் குதிரை, குதிரைகள், 'அத்லர்'.

இடையன்குடியில் வாழ்ந்து தமிழாராய்ந்த கால்டுவெல், 1856இல் வெளியிட்ட தம் ஒப்பிலக்கண நூலில் தெலுங்கின் இந்த உயிரிசைவைக் குறிப்பிட்டார். பின்னிஷ், துருக்கி முதலிய மொழிகளிலும் இது காணப்படுவதால், அவற்றோடு நம் மொழிகளுக்கு உறவு இருக்கலாம் என்று கருதினார். அந்த உறவை இன்றைய மொழி நூலார் ஏற்பதில்லை. உறவே இல்லாத மொழிகளிலும் இசைவு தோன்றும். ஏனெனில் எந்த நாட்டு மனிதருக்கும் நாக்கும் தாடையும் ஒரே விதமாகத்தான் அமைந்திருக்கின்றன.

ஒரு வேறுபாட்டையும் நினைவில் கொள்ளுங்கள். பின்னிஷ் மொழியில் முன்னே நிற்கும் உயிர் வழிகாட்ட, பின்னே வரும் உருபு பின்பற்றுகிறது. தமிழ்ப் பேச்சின் 'கொளம்' என்பதில் பின்னே வரும் உயிர் முன்னே இருப்பதை மாற்றுகிறது. தெலுங்கில் இரண்டும் உண்டு: புலிகியில் முன்னது பின்னதை மாற்றியது, புலுலுவில் பின்னது முன்னதை மாற்றியது.

அப்படியானால் ஏன் சிவப்பு மை?

"டீச்சர், எங்கள் நாக்கு விதிப்படிதான் நடக்கிறதென்றால் மதிப்பெண்ணை ஏன் குறைக்கிறீர்கள்?" என்று ஒருத்தி கேட்டாள். நல்ல கேள்வி.

குடை என்பது மழைக்குப் பிடிப்பது. கொடை என்பது பிறருக்குக் கொடுப்பது. பேச்சில் இரண்டும் "கொடை" ஆகிவிடலாம். எதிரே நிற்பவர் கையிலிருக்கும் குடையைப் பார்த்துப் புரிந்துகொள்வார். ஏட்டில் அந்த வசதி இல்லை. மேலும் பேச்சு ஊருக்கு ஊர் மாறும். எழுத்து எல்லா ஊர்த் தமிழருக்கும் பொதுவாக நிற்க வேண்டும். திருத்தணியில் எழுதியதை யாழ்ப்பாணத்தில் படிக்கிறார்களே! ஆகவே எழுதும்போது இலை என்றே எழுதுங்கள். ஆனால் எலை என்று பேசுபவளைப் பார்த்துச் சிரிக்காதீர்கள். நீங்களும் அப்படித்தான் பேசுகிறீர்கள்.

ஐயம் வந்தால் ஒரு வழி: எ, ஒ என்று தொடங்கும் சொல்லை எழுதும்முன், அடுத்து ஒற்றை மெய்யும் அகரமோ ஐகாரமோ வருகிறதா என்று பாருங்கள். வந்தால் ஒரு கணம் நின்று, "இது ஏட்டில் இ, உ ஆக இருக்குமோ?" என்று யோசியுங்கள். செடி, கொடி, பொடி போன்றவற்றுக்கு அந்தச் சந்தேகமே தேவையில்லை. அவற்றில் பின்னே வருவது இகரம். மலை, தலை போன்றவை முதலிலேயே அகரம். தொடை, பொறை போல எழுத்திலேயே ஒகரம் உள்ள சில சொற்களை மட்டும் படித்துப் படித்து நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

அன்று பாடம் முடியும் நேரத்தில், தெலுங்கு வரிசையைக் கரும்பலகையில் எழுத ஆள் வேண்டும் என்றேன். ஒருவரும் எழவில்லை. பிறகு, இரண்டு வாரமாகப் பேசாதிருந்த அந்தப் பெண் மெல்ல எழுந்து வந்தாள். அடுகு, அடிகி, அடக என்று தமிழ் எழுத்தில் எழுதி, வகுப்பைப் பார்த்துச் சொல்லிக் காட்டினாள். குரல் முதலில் நடுங்கியது; மூன்றாம் சொல்லில் தெளிந்தது. நகரிக்குப் போக வேண்டியவள் தன் நோட்டில் எழுதிக்கொண்டாள். அடுத்த கட்டுரையில் இவளுக்கு நான்கு சிவப்புக் கோடுகள் விழுந்தன, முன்பு பதினொன்று.

பயிற்சி

1. பின்வரும் சொற்களைப் பேச்சில் எப்படிச் சொல்வீர்கள்? எவை மாறும், எவை மாறா? உலகம், உறி, புடவை, சிவப்பு, சிரி, துக்கம்.

2. தெலுங்கில் அறைக்கு என்பது கதிகியா, கதிகுவா? தங்கைக்குப் பேரான செல்லெலு என்பதை விட்டுவிட்டு, தம்பியைக் குறிக்கும் தம்முடு என்பது வேற்றுமை ஏற்கும்போது தம்முடி என்றாகும் என்று கொண்டு, தம்பிக்கு என்பதைச் சொல்லுங்கள்.

3. உங்கள் பாட்டி பேசும் பேச்சில் இத்தகைய ஐந்து சொற்களைக் கேட்டு எழுதி வாருங்கள். கேட்கும்போது திருத்த வேண்டாம். கேட்டால் மட்டும் போதும்.